அந்நியரைக் குடிமகனாக்கிய ரோம்



ரோமானியர் என்றதும் நம் மனக்கண்ணில் சில காட்சிகள் வந்து நிற்கின்றன. அணிவகுத்துச் செல்லும் படைகள், அரங்கில் விலங்குகளோடு மோதும் அடிமைகள், ஜூலியஸ் சீசரின் உடலில் பாய்ந்த கத்திகள். தமிழர்களாகிய நமக்கு வேறொரு அறிமுகமும் உண்டு. அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த இத்தாலிய மண்கலங்கள், கொங்கு நாட்டுப் புதையல்களில் கிடைத்த ரோமானியக் காசுகள், பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பல்களைப் பற்றிய சங்கப் பாடல்கள் என்று அந்த உறவின் தடயங்கள் நம் மண்ணிலேயே இருக்கின்றன. அந்த வணிகத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது, அந்தக் கப்பல்களுக்குப் பின்னால் இருந்த சமுதாயத்தைப் பற்றி. அதிலும் ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. ரோம் நகரத்தில் பிறக்காத ஒருவன், ரோமோடு போரிட்டுத் தோற்ற ஊரைச் சேர்ந்த ஒருவன், ஏன், ஒரு ரோமானியன் வீட்டுக்கு அடிமையாக விலைக்கு வந்த ஒருவன், எப்படி ரோமானியன் ஆனான்? ரோம் இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்து நின்றதற்கான காரணம் இந்தக் கேள்வியின் விடையில் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. அதைச் சான்றுகளோடு உங்கள் முன் வைக்கிறேன். அதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் மறைக்காமல் வைக்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

ரோம் நிலைத்ததற்குக் காரணம் அதன் படைபலம் என்று பலரும் சொல்வார்கள். படைபலம் யாரிடம் இல்லை? ஸ்பார்ட்டாவிடம் இல்லையா? ஏதென்ஸின் கடற்படையைக் கண்டு அஞ்சாத தீவு உண்டா? மாசிடோனிய அலெக்சாந்தர் பத்து ஆண்டுகளுக்குள் பாரசீகப் பேரரசையே வீழ்த்திவிடவில்லையா? வென்றவர்கள் பலர், வென்றதைக் காத்தவர்கள் சிலர். ஸ்பார்ட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாரசீகப் போரின்போது அங்கே ஏறத்தாழ 8,000 குடிமக்கள் இருந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அரிஸ்டாட்டில் எழுதும்போது அந்தத் தொகை ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கிரேக்க நாடே நடுங்கிய அந்தப் படை கி.மு. 371இல் லியூக்ட்ரா என்ற இடத்தில் தோற்றது. ஒரு தோல்விதான், ஆனால் அதிலிருந்து அது எழவே இல்லை. ஏன்? செத்தவன் இடத்தில் நிற்க ஆள் இல்லை. சுற்றிலும் ஆயிரக்கணக்கில் மக்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களை ஸ்பார்ட்டா பண்ணையடிமைகளாகவே வைத்திருந்தது, குடிமக்கள் ஆக்கவில்லை. ஏதென்ஸ் மக்களாட்சியின் தாயகம் என்று போற்றப்படும் ஊர். அங்கேயும் கி.மு. 451இல் பெரிக்ளிஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: தாய், தந்தை இருவரும் ஏதெனியராக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, ரோமானிய மரபுக் கணக்குப்படி கி.மு. 445இல், ரோம் என்ன சட்டம் இயற்றியது தெரியுமா? பத்ரீசியர் என்ற உயர்குடியினரும் பிளீபியர் என்ற பொதுமக்களும் தங்களுக்குள் மணம் செய்துகொள்ளலாம் என்ற சட்டம். ஏறத்தாழ ஒரே காலத்தில் ஓர் ஊர் தன் வாசலை இறுக்கிச் சாத்துகிறது. இன்னோர் ஊர் தன் வாசலைச் சற்றே திறக்கிறது. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் விதை இங்கே இருக்கிறது.

தங்கள் பிறப்பைப் பற்றி அவர்கள் சொல்லிக்கொண்ட கதைகளிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். ஏதெனியர் தாங்கள் அந்த மண்ணிலேயே தோன்றியவர்கள், வேறெங்கிருந்தும் வந்தேறியவர்கள் அல்லர் என்று மார்தட்டிக்கொண்டார்கள். ரோமானியர் சொன்ன கதை இதற்கு நேர்மாறானது. ரோமுலஸ் ஊரைக் கட்டினார். ஊர் இருந்தது, ஆள் இல்லை. அப்போது காப்பிட்டோல் குன்றில் இரண்டு தோப்புகளுக்கு நடுவே ஒரு புகலிடத்தைத் திறந்தார். அடிமையா, சுதந்திரனா என்று எவரும் கேட்கவில்லை. அண்டை நாடுகளிலிருந்து ஓடிவந்தவர்கள் அங்கே திரண்டார்கள் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். இந்தக் கதை உண்மையில் நடந்ததா என்று கேட்கலாம். நடந்திருக்க வேண்டியதில்லை. உலகையே ஆண்ட பிறகும், தங்கள் மூதாதையர் போக்கிடம் இல்லாமல் வந்து சேர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள அவர்கள் கூச்சப்படவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஒரு சமுதாயம் தன்னைப் பற்றித் தன் பிள்ளைகளுக்கு எந்தக் கதையைச் சொல்லித் தருகிறதோ, அந்தக் கதை அந்தச் சமுதாயத்தின் சட்டத்திலும் ஒருநாள் வந்து உட்காரும்.

சட்டத்தில் அது எப்படி வந்தது? கி.மு. 338இல் லத்தீன் ஊர்கள் ஒன்றுகூடி நடத்திய போரில் ரோம் வென்றது. அந்தக் காலத்து வழக்கப்படி தோற்ற ஊரைக் கொளுத்தலாம். ஆண்களைக் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் விற்கலாம். ரோம் அப்படிச் செய்யவில்லை. ஊருக்கு ஊர் தனித்தனியாக ஓர் ஏற்பாட்டைச் செய்தது. சில ஊர்களுக்கு முழுக் குடியுரிமை. சில ஊர்களுக்கு வாக்குரிமை இல்லாத குடியுரிமை. மற்றவை பழையபடி கூட்டாளி ஊர்கள். அந்தியம் என்ற கடற்கரை ஊரின் போர்க்கப்பல்களைப் பறித்து, அவற்றின் முன்முனைகளைக் கொண்டுவந்து ரோம் மன்றத்தில் இருந்த பேச்சுமேடையில் பதித்தார்கள். அந்த ஊராரின் கடல் உரிமை போயிற்று. ஆனால் அவர்களுக்கே குடியுரிமையும் வழங்கப்பட்டது. எண்ணிப் பாருங்கள். தோற்றவனின் கப்பல் வென்றவனின் மேடையில் வெற்றிச் சின்னம். தோற்றவனோ அந்த மேடையில் பேசுவதைக் கேட்கும் குடிமகன்! அவமானத்தையும் உரிமையையும் ஒரே கையால் கொடுத்தது ரோம். அவமானம் ஒரு தலைமுறையோடு தேய்ந்துபோயிற்று. உரிமை பேரப்பிள்ளைகள் வரை நின்றது.

இதன் பலனை நூற்றாண்டு கடந்து ஹானிபல் கண்டார். ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கிய அந்தக் கார்த்தேஜ் தளபதி, கி.மு. 216இல் கன்னே போர்க்களத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50,000 ரோமானிய வீரர்களையும் கூட்டாளி வீரர்களையும் கொன்று குவித்தார். அவருடைய திட்டம் தெளிவானது. பிடிபட்ட கூட்டாளி வீரர்களைப் பணம் வாங்காமலே விடுவித்தார்; உங்களோடு எனக்குப் பகை இல்லை, ரோமோடுதான் பகை என்று சொல்லி அனுப்பினார். இத்தாலிய ஊர்கள் எல்லாம் தன் பக்கம் வந்துவிடும் என்று எதிர்பார்த்தார். காப்புவாவும் தென்னித்தாலியில் பல ஊர்களும் வந்தன. ஆனால் ரோமைச் சுற்றியிருந்த லத்தீன் ஊர்கள் அவர் பக்கம் வரவில்லை. களத்தில் ஒரு படை அழிந்தது; இன்னொரு படை எழுந்தது. அதுவும் போதாதபோது ரோம் என்ன செய்தது? அரசுப் பணத்தில் 8,000 அடிமைகளை விலைக்கு வாங்கி, கையில் ஆயுதம் கொடுத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து பெனவென்டம் அருகே அவர்கள் வென்றபோது அவர்களுக்கு விடுதலை கொடுத்தது. ஏறத்தாழ அதே நேரத்தில், ஹானிபலோடு கைகோத்திருந்த மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப், லாரிசா என்ற கிரேக்க ஊருக்கு ஒரு கடிதம் எழுதினார். கல்லில் பொறிக்கப்பட்ட அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. உங்கள் ஊரில் ஆள் குறைந்துவிட்டது, வெளியூராரைக் குடிமக்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவுறுத்தும் பிலிப், அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது ரோமை. அவர்கள் அடிமைகளைக்கூட விடுதலை செய்து குடிமக்களாக்குகிறார்கள், அதனால்தான் பெருகியிருக்கிறார்கள் என்கிறார். நண்பர் புகழ்ந்தால் முகத்துதி என்று தள்ளிவிடலாம்; பகைவரின் வாயிலிருந்து வரும் சாட்சியத்தை எப்படித் தள்ளுவது?

பகை மன்னரே வியந்த இந்த அடிமை விடுதலையைச் சற்றே நெருங்கிப் பார்ப்போம். பழைய உலகில் அடிமைமுறை இல்லாத பெரிய நாகரிகம் அரிது. ஏதென்ஸிலும் எசமான் அடிமையை விடுவிப்பது உண்டு. ஆனால் விடுபட்டவன் அங்கே அயலானாகவே வாழ்ந்து சாவான். ரோமில் ஒரு குடிமகன் தன் அடிமையைச் சட்டமுறைப்படி விடுவித்தால், அடிமையாக இருந்தவன் குடிமகன் ஆவான். விடுதலை பெற்றவன் தலையில் கம்பளித் தொப்பி வைத்துக்கொள்வான். பழைய எசமானின் குடும்பப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொள்வான். ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் அடிமையாக இருந்து அவருக்குச் செயலராகப் பணியாற்றிய டீரோ, கி.மு. 53இல் விடுதலையானதும் மார்க்கஸ் துல்லியஸ் டீரோ ஆனார். விடுதலை பெற்றவன் தானே பதவிக்குப் போட்டியிட முடியாது. பழைய எசமானுக்குச் செய்ய வேண்டிய கடமைகளும் தொடரும். ஆனால் விடுதலைக்குப் பின் பிறந்த அவன் பிள்ளைக்கு அந்தத் தடை கிடையாது. ஒரு தலைமுறையில் பாதி வாசல். அடுத்த தலைமுறையில் முழு வாசல்.

ரோம் நகரில் போர்த்தா மாஜோரே என்ற வாயிலுக்கு அருகே இன்றும் ஒரு கல்லறை நிற்கிறது. ஏறத்தாழ கி.மு. 30ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்டது. பிற்காலத்துக் கோபுரம் ஒன்றுக்குள் மறைந்து கிடந்து, 1838இல் அந்தக் கோபுரத்தை இடித்தபோது வெளிப்பட்டது. அது யாருடையது? படைத்தலைவருடையதா? செனட்டருடையதா? இல்லை. யூரிசசெஸ் என்ற ரொட்டிக்காரருடையது. அவருடைய கிரேக்கப் பெயரைக் கொண்டு அவர் விடுதலை பெற்ற அடிமையாக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கல்லறைச் சுவரில் வட்ட வட்டமாக ஆழமான துளைகள். மாவு பிசையும் எந்திரத்தின் வடிவம் என்பது பலரின் கருத்து. மேலே ஓடும் சிற்பப் பட்டையில் தொழில் முழுவதும் காட்சியாகிறது. கழுதைகள் திரிகைக் கல்லைச் சுற்றித் தானியத்தை அரைக்கின்றன. ஆட்கள் மாவைச் சலிக்கிறார்கள், பிசைகிறார்கள், நீண்ட மேசையின் இருபுறமும் நின்று ரொட்டிகளை உருட்டுகிறார்கள். ஒருவர் நீண்ட கம்பால் ரொட்டியை அடுப்புக்குள் தள்ளுகிறார். கடைசியில் பெரிய தராசில் கூடை கூடையாக நிறுக்கிறார்கள், அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தான் ரொட்டிக்காரன், அரசுக்கு ஒப்பந்தக்காரன் என்று கல்வெட்டில் அவர் வெளிப்படையாகவே பொறித்துவைத்தார். உழைப்பைத் தாழ்வாகக் கருதிய மேட்டுக்குடியினர் போய்வரும் சாலைச் சந்திப்பில், உழைப்பையே தன் குலப்பெருமையாக நிறுத்திய நெஞ்சுரம் அது!

தென்னித்தாலியில் பொம்பெய் நகரில் இன்னொரு கல்வெட்டு. கி.பி. 62இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் அந்நகரின் ஐசிஸ் கோயில் இடிந்துபோயிற்று. அதை அடித்தளத்திலிருந்து தன் செலவில் திரும்பக் கட்டியவர் நூமெரியஸ் பொப்பிடியஸ் செல்சீனஸ் என்று கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கொடைக்காக நகரசபை அவரைத் தன் உறுப்பினராகக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொண்டது. அந்தக் கொடையாளருக்கு அப்போது என்ன வயது? ஆறு! ஆறு வயதுப் பிள்ளை கோயில் கட்டுமா? கட்டியவர் அவன் தந்தை. விடுதலை பெற்ற அடிமை என்பதால் நகரசபையில் அமர முடியாதவர். தனக்குச் சாத்தியிருந்த கதவைத் தன் மகனுக்காகத் திறந்தார் அந்தத் தந்தை. எகிப்தியத் தெய்வத்துக்குக் கோயில், இத்தாலிய ஊரின் நகரசபை, அடிமையாக இருந்தவரின் மகன்: ரோமானியச் சமுதாயம் எப்படி இயங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? இந்தப் பாதை எவ்வளவு தூரம் போகும்? கவிஞர் ஹொரேஸ் விடுதலை பெற்ற அடிமையின் மகன். கி.பி. 193இல் மூன்று மாத காலம் ரோமானியப் பேரரசராக இருந்த பெர்த்தினாக்ஸும் விடுதலை பெற்ற அடிமையின் மகன். அடிமையின் மகன் அரியணை ஏறினான் என்பதை ஸ்பார்ட்டாவில் ஒருவன் கனவிலாவது கண்டிருப்பானா?

அடிமைகளுக்குத் திறந்த வாசல் இத்தாலியருக்கும் மாகாணங்களுக்கும் திறந்தது. ஆனால் அது இனிதாக நடந்துவிடவில்லை. இத்தாலியக் கூட்டாளிகள் ரோமுக்காக நூறாண்டுகள் ரத்தம் சிந்தியும் குடியுரிமை தாமதப்பட்டது. அவர்களுக்காகச் சட்டம் கொண்டுவர முயன்ற லீவியஸ் துருசஸ் கி.மு. 91இல் கொலை செய்யப்பட்டார். கூட்டாளிகள் ஆயுதம் எடுத்தார்கள். தங்களுக்கென ஒரு தலைநகரை அமைத்தார்கள். இத்தாலியின் காளை ரோமின் ஓநாயைக் கொம்பால் குத்திச் சாய்ப்பதாக நாணயம் அடித்தார்கள். போர் தொடங்கிய மறு ஆண்டே, ஆயுதம் எடுக்காதவர்களுக்கும் கீழே போட்டவர்களுக்கும் குடியுரிமை தரும் வழியில் ரோம் சட்டம் இயற்றியது. போரில் தோற்காமலே கோரிக்கையில் தோற்றது ரோம். அந்தத் தோல்வியால்தான் இத்தாலி முழுவதும் ஒரே நாடாயிற்று. பிறகு கி.பி. 48இல் காலிய நாட்டுத் தலைவர்கள் செனட்டில் இடம் கேட்டார்கள். நேற்று வரை நம்மோடு போரிட்டவர்கள் இன்று நம் பக்கத்தில் உட்காருவதா என்று செனட்டர்கள் முணுமுணுத்தார்கள். பேரரசர் கிளாடியஸ் எழுந்து பேசினார். அந்தப் பேச்சு வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டு, 1528இல் லியோன் நகரில் கிடைத்தது. ரோமை ஆண்ட பழைய மன்னர்களையே அவர் சாட்சிக்கு அழைத்தார். நூமா சபைன் நாட்டிலிருந்து வந்தவர். முதலாம் தார்க்குவினியஸ் கொரிந்தியர் ஒருவரின் மகன். செர்வியஸ் துல்லியஸ் போரில் சிறைப்பட்ட பெண்ணின் மகன் என்றார். அதே பேச்சை வரலாற்றாசிரியர் டாசிடஸ் தம் நடையில் எழுதும்போது, ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் படையில் வலிமை பெற்றிருந்தும் அழிந்ததற்கு, தங்களிடம் தோற்றவர்களை அந்நியராகவே ஒதுக்கிவைத்ததைத் தவிர வேறு காரணம் என்ன என்று கிளாடியஸ் கேட்பதாக அமைக்கிறார். நான் இன்று உங்கள் முன் வைக்கும் வாதம் புதிதல்ல. ரோமானியர் தாங்களே உணர்ந்து சொன்ன வாதம்.

இந்த உரிமை கைக்கு என்ன கொடுத்தது? சட்டத்தின் காப்பைக் கொடுத்தது. எருசலேமில் ரோமானியப் படைவீரர்கள் புனித பவுலைச் சாட்டையால் அடிக்கக் கட்டுகிறார்கள். நான் ரோமானியக் குடிமகன் என்று அவர் சொன்னதும் படைத்தலைவன் அஞ்சிப் பின்வாங்குகிறான். நான் பெரும் பணம் கொடுத்து இதை வாங்கினேன் என்கிறான் அவன். நான் பிறப்பிலேயே குடிமகன் என்கிறார் பவுல். யூதர் ஒருவர், தர்சு நகரத்தவர், ரோமை அதுவரை கண்ணால் காணாதவர். ஆனாலும் அந்த ஒரு சொல் சாட்டையைத் தடுத்து நிறுத்தியது. துணைப்படையில் 25 ஆண்டுகள் பணி செய்த அயல்நாட்டு வீரனுக்கும் இந்த உரிமை கிடைத்தது. ஆணை பொறித்த இரண்டு வெண்கலத் தகடுகளைக் கம்பியால் பிணைத்து, ஏழு சாட்சிகளின் முத்திரையிட்டுக் கையில் கொடுத்தார்கள். பேரரசின் எல்லைகளில் அந்தத் தகடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பண்பாட்டிலும் இதே கதைதான். லத்தீன் இலக்கியத்தை வளர்த்தவர்களில் எத்தனை பேர் ரோம் நகரத்தில் பிறந்தவர்கள்? தெரன்ஸ் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாக வந்தவர். விர்ஜில் மாந்துவா பக்கத்தவர். செனக்காவும் மார்ஷியலும் ஸ்பெயின் நாட்டவர். அப்புலேயஸ் ஆப்பிரிக்கர். மொழியை வளர்க்க வெளியூரார் வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் ஊரை மறக்க வேண்டியதில்லை. ஒருவனுக்குப் பிறந்த ஊர் ஒரு தாயகம், குடியுரிமை தந்த நாடு இன்னொரு தாயகம் என்று அர்ப்பீனம் என்ற சிற்றூரில் பிறந்த சிசரோ எழுதினார். ரோமானியப் பிரிட்டனின் வட எல்லையில், ஹேட்ரியன் சுவரின் கிழக்கு முனைக்கருகே ஒரு நடுகல் இருந்தது. சிரியாவின் பல்மைராவிலிருந்து வந்த பராத்தஸ், தன் அடிமையாக இருந்து விடுதலை பெற்று மனைவியான ரெஜீனா என்ற பிரிட்டானியப் பெண்ணுக்காக எழுப்பியது. முப்பது வயதில் இறந்துபோன அவள் பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். மடியில் நூல் நூற்கும் தக்கிளி, காலடியில் கம்பளிக் கூடை. மேலே லத்தீன் எழுத்து. கீழே கணவனின் தாய்மொழியில் ஒரே வரியில் அவன் துக்கம். ரோமானிய முறைப்படி நட்ட கல்லில் சிரிய மொழிக்கும் இடம் இருந்தது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: ரோம் இதையெல்லாம் அன்பினால் செய்யவில்லை, படைக்கு ஆள் வேண்டும், வரி வேண்டும், அமைதி வேண்டும் என்ற சுயநலத்தால் செய்தது. ஒப்புக்கொள்கிறேன். கி.பி. 212இல் பேரரசர் காரகல்லா பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ எல்லோருக்கும் குடியுரிமை வழங்கினார். குடிமக்கள் மட்டுமே செலுத்திய வாரிசு வரியைப் பெருக்கத்தான் இந்தத் தாராளம் என்று அவர் காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ எழுதினார். இருக்கட்டும். ஆனால் சுயநலம் எல்லா அரசுகளுக்கும் உண்டு. ஸ்பார்ட்டாவுக்கும் ஆள் தேவைப்பட்டது. அது ஏன் குடியுரிமை தரவில்லை? ஒரே தேவை இருவருக்கும் வந்தபோது ஒருவர் பூட்டினார், ஒருவர் திறந்தார். அந்த வேறுபாட்டைச் சுயநலம் என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட முடியாது. அதோடு, மன்னன் மனமிரங்கித் தரும் தயவு அவனோடு போய்விடும். அரசின் நலனோடு பின்னிச் சட்டமாகிவிட்ட உரிமை நிலைக்கும். ரோமின் வாசல் ஆட்சியாளரின் மனநிலையை மட்டும் நம்பியிருக்கவில்லை. அதனால்தான் நல்லவர் ஆண்டபோதும் கொடியவர் ஆண்டபோதும் அது திறந்திருந்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. அடிமைகளைப் பிடித்தவர்களே ரோமானியர்தானே? ஸ்பார்ட்டகஸ் தலைமையிலான அடிமைகளின் எழுச்சி கி.மு. 71இல் ஒடுக்கப்பட்டபோது காப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் 6,000 பேரைச் சிலுவையில் அறைந்தவர்கள்தானே? கி.பி. 61இல் நகரத் தலைவர் பெதானியஸ் செக்குந்தஸ் தன் அடிமை ஒருவனால் கொல்லப்பட்டபோது, பழைய வழக்கப்படி அவர் வீட்டில் இருந்த 400 அடிமைகளும், குற்றமறியாத பெண்களும் பிள்ளைகளும் உட்பட, கொல்லப்பட்டார்களே? ஆம். இதை மென்மையாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. சுரங்கங்களிலும் பெரும் பண்ணைகளிலும் உழன்ற அடிமைகளில் பெரும்பாலோர் விடுதலையின் நிழலைக்கூடக் கண்டதில்லை. விடுதலை கிடைக்கும் என்ற ஆசையைக் காட்டியே எசமானர்கள் வேலை வாங்கினார்கள். பெண்கள் குடிமக்களாக இருந்தும் வாக்கும் பதவியும் அவர்களுக்கு இல்லை. இவற்றால் ரோம் குற்றவாளிதான். ஆனால் அந்த 400 பேரைக் கொல்லக் கொண்டுபோன நாளில் நடந்த மற்றொன்றையும் டாசிடஸ் எழுதிவைத்திருக்கிறார். ரோம் நகர மக்கள் கல்லும் தீப்பந்தமும் ஏந்தித் தெருவில் இறங்கினார்கள். பேரரசர் நீரோ வழி நெடுகப் படைவீரர்களை நிறுத்தித்தான் அந்தக் கொலையை நிறைவேற்ற முடிந்தது. அடிமைகளுக்காக ஏன் ஒரு நகரம் கொதித்தது? அந்தத் தெருவில் நின்றவர்களில் பலர் அடிமைகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்பதே என் விளக்கம். சட்டம் அவர்களைக் குடிமக்களாக்கியிருந்தது. அந்தக் குடிமக்கள் சட்டத்தின் கொடுமையை எதிர்த்து நின்றார்கள். அன்று அவர்கள் தோற்றார்கள். ஆனால் அடிமைக்கும் குடிமகனுக்கும் நடுவே மனித உறவு அறுந்துவிடாமல் இருந்ததற்கு அந்த வாசலே காரணம்.

மூன்றாவது மறுப்பு: எல்லோருக்கும் கொடுத்ததால் குடியுரிமை மதிப்பிழந்துவிட்டது. உண்மைதான். காரகல்லாவின் ஆணைக்கு முன்பே சட்டத்தில் வேறொரு பிரிவு முளைத்துவிட்டது. செல்வாக்குடையோருக்கு ஒரு தண்டனை, எளியோருக்கு இன்னொரு தண்டனை. பவுலைக் காத்த அந்தச் சொல் பிற்கால ஏழைக் குடிமகனைச் சாட்டையிலிருந்து காக்கவில்லை. ஆனால் இதில் குற்றவாளி யார்? உள்ளே வந்தவர்களா? இல்லை. உரிமையைப் பெயராக மட்டும் வைத்துக்கொண்டு அதன் உள்ளீட்டை உருவி எடுத்தவர்கள். வாக்களிக்கும் உரிமையைப் பேரரசர்கள் எப்போதோ செல்லாக்காசாக்கிவிட்டார்கள். சட்டத்தின் முன் சமநிலையைப் பணக்காரர்கள் விழுங்கிவிட்டார்கள். குடியுரிமையின் எண்ணிக்கை பெருகியதால் அது நலியவில்லை. அதிகாரத்தில் பங்கு குறைந்ததால் நலிந்தது.

நான்காவது மறுப்பு அடிக்கடி கேட்பது: வெளியாரை உள்ளே விட்டதால்தான் ரோம் வீழ்ந்தது. நடந்ததைப் பாருங்கள். கி.பி. 376இல் ஹூணர்களிடமிருந்து தப்பிய கோத் மக்கள் தான்யூப் ஆற்றங்கரையில் வந்து புகலிடம் கேட்டார்கள். ரோம் அனுமதித்தது. ஆனால் அவர்களைப் பட்டினி போட்டார்கள் அதிகாரிகள். நாய்களை உணவாகக் கொடுத்து, ஒரு நாய்க்கு ஓர் ஆள் என்று அடிமைகளாக வாங்கினார்கள். தலைவர்களின் பிள்ளைகளும் அதில் அடக்கம் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதுகிறார். இரண்டே ஆண்டுகளில் அட்ரியானோப்பில் களத்தில் பேரரசர் வாலென்ஸும் அவர் படையில் பெரும்பகுதியும் மாண்டார்கள். கி.பி. 408இல், வாண்டல் தந்தைக்குப் பிறந்து ரோமுக்காகவே போரிட்ட தளபதி ஸ்டிலிக்கோவைக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து, ரோமானியப் படையில் பணியாற்றிய அயலார் வீரர்களின் மனைவி மக்களை இத்தாலிய நகரங்களில் வெட்டிக் கொன்றார்கள். அந்த வீரர்கள் எங்கே போனார்கள்? கோத் தலைவர் அலாரிக்கிடம் போனார்கள், 30,000க்கும் அதிகமானோர் என்கிறார் வரலாற்றாசிரியர் சோசிமஸ். கி.பி. 410இல் அலாரிக் ரோமைச் சூறையாடினார். ஒரு பேரரசு வீழ்வதற்குக் காரணங்கள் பல உண்டு. உள்நாட்டுப் போர், பொருளாதாரச் சீர்குலைவு, கொள்ளைநோய் என்று அடுக்கலாம். ஆனால் இந்த ஒரு காரணத்தைப் பொறுத்தவரை, வரலாறு சொல்வது மறுப்பாளர் சொல்வதற்கு நேர் எதிரானது. இத்தாலியரையும் காலியரையும் குடிமக்களாக்கிய ரோம் வளர்ந்தது. கோத்துகளை வாங்கி விற்ற ரோம் தலைநகரத்தைக் காக்க முடியாமல் நின்றது.

அன்பர்களே, ரோமை நாம் புகழவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம், கற்றுக்கொள்வோம். அதன் சாலைகளும் அரங்குகளும் பொறியாளர்களின் திறமை. அதன் வெற்றிகள் வீரர்களின் உழைப்பு. ஆனால் டைபர் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர் மூன்று கண்டங்களின் மக்களைத் தன் பெயரால் அழைத்துக்கொள்ள வைத்ததே, அது ஓர் எளிய அரசியல் அறிவின் பலன். தோற்றவனைப் பகைவனாகவே வைத்திருப்பதற்குக் காவல் வேண்டும், செலவு வேண்டும், ஓயாத அச்சம் வேண்டும். அவனைச் சமமாக உள்ளே சேர்த்துக்கொண்டால் அவனே காவலன் ஆகிறான். பிறப்பை மட்டுமே தகுதியாக வைத்த ஊர்கள் தங்கள் தூய்மையோடு சுருங்கிப்போயின. சட்டத்தைத் தகுதியாக வைத்த ஊர் வளர்ந்தது; அந்தச் சட்டத்தில் எளியவனுக்கு இருந்த பங்கைப் பறித்தபோது தளர்ந்தது. குடியுரிமையைக் கொடுப்பது ஓர் அரசுக்கு இழப்பு அல்ல, வலிமை. கொடுத்த பிறகு அதை வெறும் பெயராக்கிவிடாமல் காப்பது அதைவிடப் பெரிய வலிமை. முதலாவதை ரோம் நமக்குச் செய்து காட்டியது. இரண்டாவதைச் செய்யத் தவறியது. நம் காலத்து அரசுகள் இரண்டையும் செய்ய வேண்டும். அதைக் கேட்கும் உரிமையும் கடமையும் குடிமக்களாகிய நமக்கு இருக்கின்றன.